கல்லுப்பில் வந்த நஞ்சுக்கொடி

ஊறுகாய் பாட்டிலை அம்மா சமையலறை சிலாப்பில் ஏற்றிய நிமிஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய குக்கருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாதபடி அதைத் தள்ளினாள். போலீஸ் வருவதற்குள் கத்தியை மறைக்கிறவள் மாதிரி இருந்தது.

"யாருக்கும்மா ஒளிக்கிற?"

"நாக்குக்குத்தான். அத அடக்கி வெச்சிருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்குமா?"

திட்டாகச் சொல்லவில்லை. மழையில் நின்றால் நனையும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் மோசம். பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு உப்புப் போடாத ரசஞ்சாதத்தை விழுங்கிக்கொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. அவளும் சாதாரணமாகவே பதில் சொன்னாள்.

"அம்மா சொல்றது நெசந்தான்டி. கருவாடும் ஊறுகாயுமாத் தின்னே எம்புள்ளயக் குறுக்கிட்டேன்."

அந்தப் புள்ளை அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நாள் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்து, அரியலூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, ஒருவழியாகப் பூலாம்பாடிக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து சேர்ந்திருந்தாள். சின்ன உடம்புதான். ஆனால் பசித்து அழுதால் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை அக்காவைப் பற்றி. ஜன்னல் திட்டில் ரத்த அழுத்த மாத்திரை அட்டை கிடந்தது. அநேகமாகப் பிரிக்காமலே.

"மாத்திரை போடலையா நீ?"

"உப்பத்தான் விட்டுட்டேனே. வாயால பண்ண தப்ப மாத்திரை போட்டுக் கழுவ முடியுமா?"

ரத்த அழுத்த மெஷினை அவள் கையில் மாட்டிப் பார்த்தேன். திரையில் வந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. கர்ப்பத்தில் வந்த அழுத்தம் பிரசவத்தோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விடாது. சில வாரம் வாசலிலேயே நிற்கும், அசந்த நேரம் பார்த்து உள்ளே வரும், வலிப்பு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். அதைச் சொன்னேன். பிறகு கத்தினேன். கடைக்குட்டி கத்தினால் எங்கள் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது: ஒன்றும் நடக்கவில்லை.

"நீ உசுரோட இருக்கறவங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரா? பாட்டில்ல கெடக்கறதப் பாக்குற டாக்டருதானே?" என்றாள் அக்கா.

அது பொய்யில்லை. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் மேற்படிப்பு முதல் வருஷம் படிக்கிறேன். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்கிற படிப்பு. அக்கா கேலிக்குச் சொன்னதில்தான் வழி கிடந்தது. அவளுடைய நஞ்சுக்கொடி என் லேபில், கண்ணாடித் துண்டுகளாக, ஒரு தட்டில் அடுக்கியிருந்தது. அதற்கான அறிக்கை பிரசவம் பார்த்த டாக்டருக்குப் போகும். டாக்டர் படிப்பார், கோப்பில் வைப்பார். யாருடைய வயிற்றில் அது இருந்ததோ அவளுக்கு மட்டும் யாரும் காட்டப்போவதில்லை. நான் சொல்வதை நம்பாதவள், தன் நஞ்சுக்கொடி சொன்னால் நம்புவாளோ?

காட்டிவிட வேண்டியதுதான். ஆனால் அந்த நஞ்சுக்கொடி லேபுக்கு வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அக்கா திருமானூரில் வாக்கப்பட்டவள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏழாம் மாசம் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. வேப்பங்குச்சிக் காப்பு சிக்கல் இல்லாமல் ஏறியது. அது வளைக்கிற பக்கம் வளையும். கண்ணாடி வளையல்தான் மணிக்கட்டுக்கு முன்னால், கட்டைவிரல் மேட்டில், நின்றுவிட்டது. ஒரு பெரியம்மா சோப்பு நுரையைத் தடவினாள். இன்னொருத்தி கையைக் குவிக்கச் சொன்னாள். நாலு வளையல் உடைந்தது. அக்காவின் மாமியார், அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன், உடனே வண்டியில் ஆள் அனுப்பி அடுத்த சைஸ் வாங்கி வரச் சொன்னார்.

"நல்லா பூசினாப்புல ஆயிட்டா எம்மருமவ. திருமானூர்ச் சோறுன்னா சும்மாவா!"

எல்லாரும் சிரித்தார்கள். சந்தனம் பூசிய அக்காவின் கன்னமும் உப்பித்தான் இருந்தது. கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம். கையும் முகமும் இப்படித் திடீரென்று வீங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிசாக வாங்கிய ரத்த அழுத்த மெஷினைப் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைகிற காலம் அது. கண்ணில் பட்ட மாமா, சித்தப்பா ஒருத்தரையும் விட்டதில்லை. அக்காவை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாட்டினேன். எகிறியிருந்தது.

"கூட்டத்துல வெக்கம், அதான் ஏறியிருக்கும்" என்றார் அத்தை. சொன்னாரே தவிர, மறுநாள் காலையில் அரியலூருக்குக் கிளம்பும்போது முதலில் காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர்தான்.

சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் எகிறுகிற நோய், பிரீ-எக்லாம்சியா என்றார் டாக்டர். மாத்திரை, அடிக்கடி ஸ்கேன், தலைவலி வந்தால் ஓடி வா என்ற எச்சரிக்கை. கொஞ்ச வாரம் தள்ளிப்போட முடிந்தது. அப்புறம் ஒரு காலையில் அக்கா, "கண்ணு முன்னால மினுக்மினுக்குன்னு பறக்குதுடி" என்று போன் பண்ணினாள். அன்றைக்கே சேர்த்து, ஊசி போட்டு, ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். நான் கல்லூரியில் இருந்தேன். அக்காவின் வீட்டுக்காரரிடம் போனில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டிருந்தேன்: "மாமா, நஞ்சுக்கொடியக் கேட்டு வாங்கிடுங்க. கெடாம இருக்க ஃபார்மலின் ஊத்தித் தரச் சொல்லுங்க. எனக்கு வேணும்."

பெண்டாட்டி ஆபரேஷன் தியேட்டரில், குழந்தை கண்ணாடிப் பெட்டியில். அந்த மனுஷனுக்கு ஃபார்மலின் என்ற சொல் எங்கே நிற்கும்? நர்ஸ் வந்து நஞ்சை என்ன செய்வது என்று கேட்டபோது அத்தைதான் கையை நீட்டினார். அவர்கள் குடும்பத்தில் அதை வெளியே விடுவதில்லை. புதுப்பானையில் வைத்து வீட்டுக் கொல்லையில் புதைப்பார்கள். பானையைத் திருமானூரிலிருந்தே கொண்டு வந்திருந்தார்.

"அத்தை, பொதைச்சிடாதீங்க! எனக்கு அதப் பாக்கணும்" என்று, மாமா சொல்லித் தெரிந்ததும், போனில் அலறினேன்.

"அதுல பாக்குறதுக்கு என்னாடி இருக்கு?"

"அக்காவுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு அதுலதான் தெரியும்."

பானை மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நானே கொண்டாறேன்" என்றார்.

சாயங்காலம் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். "மேடம், இங்க ஒரு அம்மா கட்டைப்பையோட நிக்கிறாங்க. உள்ள என்னன்னு கேட்டா பேத்தி நஞ்சுங்கிறாங்க. உள்ள விடலாமா, போலீசக் கூப்பிடலாமா?"

ஓடினேன். பையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அத்தை. அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். "பக்கத்து சீட்டுக்காரி, பையில ஒட்டியிருந்த உப்பப் பாத்துட்டு, என்னாக்கா கருவாடான்னா. ஆமான்னுட்டேன்."

பானையைத் திறந்து பார்த்த பிறகுதான் அந்தப் பக்கத்து சீட்டுக்காரிக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரிந்தது. நஞ்சுக்கொடி முழுக்கக் கல்லுப்பு. அதன்மேல் மஞ்சள் தூள்.

"அத்தை... என்ன பண்ணியிருக்கீங்க?"

"எப்பவுமே ஒரு கை உப்பு, ஒரு கை மஞ்சப் போட்டுத்தான் பொதைப்போம், நாய் நோண்டாம இருக்க. நீ வேணும்னுட்ட. பெரம்பலூர் வந்து சேரதுக்குள்ள கெட்டுரக் கூடாதுல்ல? அதான் கருவாட்டுக்குப் போடுறாப்புல நல்லா அள்ளிப் போட்டேன்." முகத்தில் அப்படியொரு பெருமை. "மோந்து பாரு. வாடையே இல்ல."

வாடையே இல்லைதான். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த அத்தியாயம் இல்லை.

என்னோடு படிக்கிற நண்பன் கையுறையோடு வந்து எட்டிப் பார்த்தான். "வெட்டி ஃபார்மலின்ல போடணுமா, எண்ணெய்ல போடணுமா?"

"வாய மூடு."

"இல்ல, அளவு சொல்லு. மிளகாய்த்தூள் நான் கொண்டு வரேன்."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இந்த நோயில் நஞ்சுக்கொடி சிறுத்துப்போகும்; அதனால் முதலில் எடை பார்க்க வேண்டும். ஆனால் உப்பு அதிலிருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டதே, எடை போட்டு என்ன பிரயோஜனம்? அடுத்து, ரத்தம் போகாமல் செத்த இடங்கள் நாளாக ஆக வெளுத்து மஞ்சளாகத் தெரியும். இங்கேயோ மஞ்சள் எல்லா இடத்திலும் தாராளமாக இருந்தது. எது நோய், எது அத்தை?

ஓடுகிற தண்ணீரில் மெதுவாகக் கழுவினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அத்தை அதைத் தட்டையாக வைக்கவில்லை. இரண்டாக மடித்து வைத்திருந்தார். பிள்ளையின் கொடி இருந்த பக்கம் வெளியே, கர்ப்பப்பையில் ஒட்டியிருந்த ரத்தப் பக்கம் உள்ளே. விருந்து முடிந்து இலையை நம் பக்கமாக மடிப்போமே, உறவு நீடிக்க வேண்டும் என்று, அதே மடிப்பு.

"அப்படித்தான் மடிக்கணும். தாய்ப் பக்கம் மண்ணப் பாத்துச்சுன்னா அடுத்த புள்ள தங்காதும்பாங்க" என்றார் அத்தை, லேப் வாசல் பெஞ்சிலிருந்தே.

நான் பார்க்க வேண்டியதே அந்தத் தாய்ப் பக்கம்தான். விரித்தேன். உள்மடிப்பில் உப்பு அநேகமாகப் போயிருக்கவில்லை. ஈரமாக, சிவப்பாக, அப்படியே இருந்தது. எனக்கு அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. கையில் கையுறை, அதில் ரத்தம், அதனால் விட்டுவிட்டேன்.

ரொட்டி அறுக்கிற மாதிரி துண்டு துண்டாக அறுத்தோம். வெளிப்புறம் மட்டும் உப்புப் பட்டுத் தோல் போல இறுகியிருந்தது. அதற்குக் கீழே நல்ல சதை. ஓரத்துக்குப் பக்கத்தில் கத்தி வேறு மாதிரி இறங்கியது. கெட்டியாக, வெளிர் மஞ்சளாக, கோடு போட்ட மாதிரி எல்லையோடு ஒரு திட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"மஞ்சத்தூள்" என்றான் நண்பன்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தேன். மேற்பரப்பின் மஞ்சள் பஞ்சில் வந்துவிட்டது. உள்ளே இருந்த திட்டு அசையவே இல்லை. எத்தனை தேய்த்தாலும் வரவில்லை. அவன் கேலியை நிறுத்தினான். பிள்ளைக்குச் சோறு போட வேண்டிய இடத்தில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்னாலேயே செத்துப்போயிருந்தது.

வேண்டிய துண்டுகளை ஃபார்மலினில் போட்டேன். எங்கள் துறை மேடத்திடம் கேட்டுக்கொண்டு மீதியை அப்படியே பானைக்குள் வைத்து அத்தையிடம் திருப்பிக் கொடுத்தேன். "பாதி உனக்கு, பாதி மண்ணுக்கு. நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுக் கட்டைப்பையோடு அவர் பஸ் ஏறினார். மறுநாள் துண்டுகளை மெழுகில் ஏற்றுவதற்கு முன் ஆல்கஹாலில் ஊறப்போட்டபோது ஆல்கஹால் பொன் நிறமாக மாறியது. "ரசம் கொதி வந்துடுச்சு, எறக்கிடு" என்றான் அவன்.

ஸ்லைடுகள் நன்றாக வந்திருந்தன. அவ்வளவு நன்றாக வந்ததை நம்ப முடியாமல் மூன்று முறை லென்ஸைத் துடைத்தேன்.

இதெல்லாம் முடிந்து தட்டில் கிடந்ததைத்தான், ஊறுகாய் பாட்டில் சிலாப்பில் ஏறிய அன்றைக்கு, அக்காவுக்குக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். அவளை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. தையல் இன்னும் இழுத்தது. மைக்ராஸ்கோப்பின் கண்ணில் போனை வைத்துப் படம் எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் குழந்தையைப் பார்க்கத் திருமானூரிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா டீவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். போனை டீவியில் இணைத்தேன். கோழிக்குழம்பு மறைந்து நஞ்சுக்கொடி வந்தது.

"என்னாடி இது, கோலப்புடவ மாதிரி?" என்றாள் அம்மா.

ரோஜாவும் ஊதாவுமாக இருந்தது. முதலில் காட்டியது ஆரோக்கியமான ஒரு நஞ்சுக்கொடி, எங்கள் லேபில் பாடத்துக்கு வைத்திருப்பது. "இது மரம் மாதிரி. புள்ளையோட பக்கத்துலேர்ந்து கிளை கிளையாப் பிரிஞ்சு தொங்கும். தாயோட ரத்தம் ஒரு குட்டை மாதிரி சுத்தி நிக்கும். கிளையெல்லாம் அந்தக் குட்டைக்குள்ள முங்கி வேண்டியத எடுத்துக்கும். ரெண்டு ரத்தமும் கலக்கவே கலக்காது."

அடுத்த படம். "இது அக்காவோடது."

டீச்சர் இல்லையா, நான் சொல்லுமுன் அவளே எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். "முன்னாடி காட்டுனது அடர்த்தியா இருந்துச்சு. இது எல உதிர்ந்த முருங்க மாதிரி நோஞ்சானா இருக்கு. நடுவுல வெட்டவெளி."

"கரெக்ட். இப்ப இதப் பாரு." கர்ப்பப்பைச் சுவரில் ரத்தம் கொண்டுவருகிற குட்டிக் குழாய்கள். நல்லதில் அகலமாக, சுவரே இல்லாதது போல வாய் பிளந்து கிடந்தது. அக்காவினுடையதில் வட்டமாக, தடித்த சுவரோடு, நடுவில் சின்ன ஓட்டையோடு இருந்தது.

"மெதுவடை" என்றார் மாமா.

"உங்களுக்கு எப்பவும் வாய்லதான் நெனப்பு" என்றாள் அக்கா. பல நாள் கழித்து அவள் இப்படிப் பேசினாள்.

"வடைன்னே வெச்சுக்கங்க. கர்ப்பத்துல நஞ்சுக்கொடியோட செல்லுங்க இந்தக் குழாய்க்குள்ள நுழைஞ்சு, சுவத்துல இருக்கற தசையக் கரைச்சு, வாயப் புனல் மாதிரி அகலமாக்கிடணும். இங்க அந்த வேல பாதியில நின்னு போச்சு. ஓட்டை சின்னதாவே இருந்துடுச்சு."

"சின்னதா இருந்தா என்ன? கொஞ்சமா வரும், அவ்வளவுதானே" என்றாள் அம்மா.

எனக்கு வாயால் சொல்லப் பொறுமை இல்லை. எல்லாரையும் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மோட்டார் ஹோஸை அம்மாவின் கீரைப் பாத்தியில் விட்டேன். தண்ணீர் மெத்தென்று பரவியது. பிறகு வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தேன். பீய்ச்சிய தண்ணீரில் மண் பறந்தது, முளைக்கீரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது.

"அடிப்பாவி, எங்கீர!"

"அதான்மா. கொஞ்சமா வரது மட்டுமில்ல, வர வேகத்துல கிளையெல்லாம் அடி வாங்குது. சில இடத்துக்குத் தண்ணியே போவாம செத்துடுது. நஞ்சுக்கொடி தவிக்குது, தவிப்புல என்னென்னமோ தாய் ரத்தத்துல கலந்துவிடுது, அதுலதான் அழுத்தம் ஏறுது, கை வீங்குது, வளையல் மாட்டல."

நனைந்த காலோடு அக்கா வாசற்படியில் உட்கார்ந்தாள். "இந்த வாய் எப்பத் தொறந்திருக்கணும்?"

"அஞ்சாம் மாசத்துக்குள்ள."

"நான் கருவாடு எப்பக் கேட்டேன்?"

அதற்கு அத்தை பதில் சொன்னார். "எங்க வூட்டுக்காரரு தெவசம் முடிஞ்சுதான் மொதத்தரம் வறுத்தேன். அப்ப உனக்கு ஆறு மாசம், ஊறுகா கேட்டதும் அதுக்கப்புறந்தான். அதுக்கு முன்னால கஞ்சித்தண்ணியக் கூட வாந்தியால்ல எடுத்த?"

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டு போன கீரையைப் பொறுக்கப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்ப மொத நாலு மாசமும் ஒண்ணும் சாப்புடாம இருந்தேனே," என்றாள் அக்கா, "அதனாலயா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை படம், இத்தனை கீரை, கடைசியில் குற்றத்தை அவள் ஒரு மாசத்திலிருந்து எடுத்து இன்னொரு மாசத்தில் வைத்துக்கொள்கிறாள்.

"இல்ல. வாந்தி எல்லாருக்கும்தான் வருது. சிலருக்கு அந்த வாய் ஏன் தொறக்கலன்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே முழுசாத் தெரியாது."

அவள் எழுந்தாள். உள்ளே போய், என் போனை எடுத்து, படங்களைத் தானே தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் சும்மா இருந்தேன்; எனக்கு அது லேசான காரியம் இல்லை. கடைசியில் ஒன்றை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "கிளை ஓரமெல்லாம் ஊதா முடிச்சு முடிச்சா இருக்கே. இது என்ன, கெட்டுப்போனதா?"

"கெட்டுப்போனது இல்ல. நாள் நெறைஞ்ச நஞ்சுக்கொடியிலதான் அது நெறைய வரும். உன்னோடதுல சீக்கிரமே வந்துடுச்சு. வர ரத்தம் பத்தலைன்னு அவசர அவசரமா முதிர்ந்திருக்கு. இங்க பாரு, புள்ளையோட ரத்தக்குழாயெல்லாம் நடுவுல இல்ல, விளிம்புல வந்து ஒட்டிக்கிட்டு நிக்குது. கெடைக்கறத விடக் கூடாதுன்னு."

அக்கா படத்தைப் பார்த்தாள். தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"அப்ப இது என்னால நாசமாப் போனது இல்ல" என்றாள் மெதுவாக. "ரேஷன்ல குடும்பம் நடத்தியிருக்கு."

"ஆமா. அதுவும் கடைசி வரைக்கும்."

"இவளுக்காக ஓவர்டைம் பாத்திருக்குடி. எனக்குள்ள ஒண்ணு இம்புட்டு மெனக்கெட்டிருக்கு, நான் என்னமோ அதக் கொன்னுட்ட மாதிரி..." மூக்கை உறிஞ்சினாள். பிறகு டீச்சர் குரலில், "தண்ணி எடுத்துட்டு வா. அந்த மாத்திரை எங்க?"

விழுங்கினாள். நான் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் ஒளித்திருக்கிறாளா என்று பார்த்தேன். தலையில் ஒரு குட்டு வாங்கினேன். அவ்வளவு நிம்மதியான குட்டை நான் அதுவரை வாங்கியதில்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை கேட்டார்: "சம்பந்தியம்மா, தொட்டுக்க ஊறுகா இல்லீங்களா?" அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரே வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம் என்றுதான் சொல்லியிருந்தார்; யார் கேட்டார்கள்? ஸ்டூலை இழுத்துப்போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அக்காவிடமிருந்து ஒரு படம் வரும்: மெஷின் திரை. எண் மெல்ல மெல்ல இறங்கியது. அரியலூரில் மாத்திரையைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். சரியாகிவிட்டது, ஆனாலும் வருஷா வருஷம் பார்த்துக்கொள் என்றார் டாக்டர். அடுத்து ஒரு பிள்ளை என்றால் நாள் தள்ளிப்போனதுமே வந்துவிட வேண்டும், ஆரம்பத்திலேயே ஒரு சின்ன மாத்திரை தொடங்குவோம், மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்கும், அறவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது. அக்கா இதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் ஒப்பித்தாள். பயந்த குரலில் இல்லை. பாடம் சொல்கிற குரலில்.

ஆக, ஒருத்தியிடம் வேலை செய்துவிட்டது. ஒருத்தி போதுமா எனக்கு?

இப்போது எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டில் உடையார்பாளையத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அதே நோய். குழந்தை பெட்டிக்குள், தேறி வருகிறது. அவள் கிரகணத்தன்று வெளியே வந்து முந்திரித் தோப்பில் நின்றாளாம். அதனால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவளும் நம்பிவிட்டாள். அவளுடைய நஞ்சுக்கொடி ஃபார்மலினில், உப்பும் மஞ்சளும் இல்லாமல், முறையாக வந்து சேர்ந்தது. மேடத்திடம் கேட்டேன். அவளுக்குச் சம்மதமானால், அவளுடைய டாக்டரும் சரி என்றால், காட்டலாம் என்றார். "நஞ்சுக்கொடி என்ன சொல்லுதோ அத மட்டும் சொல்லு. தெரியாதத தெரியாதுன்னே சொல்லு."

அதனால் வரும் வியாழக்கிழமை, அவள் குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு, லேபின் ஓரத்து மைக்ராஸ்கோப்பில் முயற்சி செய்யப்போகிறேன். ஒரு பக்கம் நல்ல ஸ்லைடு, ஒரு பக்கம் அவளுடையது. ஹோஸுக்குப் பதில் வாஷ் பேசினில் ஒரு துண்டுக் குழாய் மாட்டிவைக்க நண்பன் ஒத்துக்கொண்டிருக்கிறான். கீரைக்குப் பதில் தட்டில் கடுகு முளைக்கப் போட்டிருக்கிறோம். முடிச்சு முடிச்சாக இருக்கிற அந்த இடத்தை இந்த முறை கடைசியில் காட்டப்போவதில்லை. முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டவள், "நீ பேசுற வேகத்துக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு மண்ணும் புரியாது" என்றாள். "புள்ளய அத்தைகிட்ட விட்டுட்டு நானும் வரேன். நீ ஸ்லைட நகத்து. நான் சொல்றேன்."